மற்றவர்களுக்குக் கேட்ட தறி

சென்னையிலிருந்து அந்த போன் வந்தபோது நான் கடையில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் புடவையின் பார்டரில் அன்னத்தின் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறியில் மாட்டுகிற அட்டையாக அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. கிடார் வாசிப்பது மிச்ச நேரத்தில். போன் செய்தவர் எங்கள் இரண்டு பாட்டையும் இசைத்தட்டில் ஏற்றுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்த சவுண்ட் இன்ஜினியர். இரண்டாவது பாட்டில் குரலுக்குப் பின்னால் டக் டக் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, வேண்டுமென்றே வைத்ததா, தெரியாமல் விழுந்ததா என்று கேட்டார்.

எந்த டக் டக் என்றேன். பாட்டு முழுக்க இருக்கிறது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். கடைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க ஐந்து தடவை கேட்டேன். குரல் இருந்தது, கிடார் இருந்தது, பறை இருந்தது. டக் டக் இல்லை. ஆறாவது தடவை சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அப்போதும் இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு இல்லாததையெல்லாம் கேட்கிறான் பார் என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிவிட்டு ஏழாவது தடவையும் போட்டேன். ஏனென்றால் ஆறேழு மாதமாகவே எனக்கு ஒரு பயம் இருந்தது. என் காது போய்க்கொண்டிருக்கிறதோ என்கிற பயம்.

முதலில் குக்கர் விசில். நான் அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், மனைவி மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னை முறைப்பாள். அப்புறம் செல்போன். சட்டைப்பையில் அடிப்பது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. அப்புறம் என் பெண். பள்ளிக்கூடத்துக் கதையை அவள் கிசுகிசுவென்று காதோடு சொல்லுவாள், நான் சிரிக்க வேண்டிய இடத்தை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரிப்பேன். காரணம் தேடி எங்கேயும் போகவேண்டியதில்லை. பதினைந்து வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவன் நான். கோயில் திருவிழா, கல்யாணம், மாதா கோயில் தேர் என்று எங்கே மேடை போட்டாலும் எனக்கு விடுகிற இடம் ட்ரம்ஸின் தாளத்தட்டுக்கும் ஆளுயர ஸ்பீக்கருக்கும் நடுவில்தான். கச்சேரி முடிந்து இரண்டு நாள் காதுக்குள் 'ஙொய்' என்று இருக்கும். அதை ஒரு பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மடையன்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்களே. இன்னும் யாரும் சொல்லாதவரைக்கும் அது வெறும் சந்தேகம்தான், சந்தேகத்தோடு கிடார் வாசிக்கலாம். எனக்கு இந்தப் பிழைப்பைத் தவிர இருக்கிற ஒரே சந்தோஷம் அந்தக் கிடார். அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

இந்த லட்சணத்தில், மூன்று பேர் உள்ள எங்கள் குழுவுக்கே காது நான்தான். சுருதி சேர்ந்திருக்கிறதா, மைக் கரகரக்கிறதா, எது கேட்பதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். கிடாரின் தலையில் மாட்டுகிற சின்ன ட்யூனரின் பச்சை விளக்கைப் பார்த்து நான் சுருதி சேர்க்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இசைத்தட்டு போடுவது எங்கள் பாடகியின் யோசனை. அவள் ஐயம்பேட்டைக்காரி, சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள், காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்த காது மெஷின்கள் பேட்டரி தீர்ந்தும் ஒயர் அறுந்தும் பீரோவில் சும்மா கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், நாம் இரண்டு பாட்டுப் பாடி அந்த மெஷின்களை ஓட வைக்கலாம் என்றாள். ஆன்லைனில் போட்டால் ஓசியில் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கையில் பிடிக்கிற மாதிரி ஒரு தட்டு என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்றும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இரண்டுமே எங்கள் பாட்டு இல்லை. ஒன்று, எங்கள் அப்பா காலத்தில் நாலு காலேஜ் பையன்கள் கிடாரையும் உறுமியையும் சேர்த்து வைத்துக்கொண்டு காய்ந்த ஆற்றைப் பற்றிப் பாடிய பாட்டு. இன்னொன்று, கிடார் கற்றுக்கொள்கிறவன் முதல் மாதத்திலேயே வாசித்துப் பார்க்கிற பழைய இங்கிலீஷ் ஃபோக்-ராக் பாட்டு. அதற்கு முறையாக அனுமதி வாங்கி அவளே தமிழில் எழுதினாள். மூன்றாவது ஆள் முசரவாக்கத்துக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பறை அடித்தால் எதிரில் நிற்பவன் கால் சும்மா இருக்காது. அவனும் நானும் மெல்லிசைக் குழுவிலிருந்தே கூட்டாளிகள்.

ரெக்கார்டிங்கை எங்கள் வீட்டில்தான் வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எங்கள் வீட்டிலேயே இரண்டு, தம்பியும் அவன் மனைவியும் நெய்கிறார்கள். அந்தச் சத்தத்தில் எப்படிப் பாடுவது என்று பாடகி கேட்டபோது நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி சொன்னேன், அமாவாசை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. அமாவாசையில் எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெரு தெருவாக இருக்கும், காய் விற்கிறவர் குரல் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அன்று காலை எட்டு மணிக்கு ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, சாயங்காலத்துக்குள் இரண்டு பாட்டையும் முடித்தோம். மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டோம். சுத்தமாக இருக்கிறது என்று நான் தீர்ப்பு சொன்னேன், இன்ஜினியருக்கு அனுப்பினோம்.

அந்த போன் வந்த மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் என் கடையில் கூடினோம். பாட்டை ஓடவிட்டேன். பத்து வினாடி இருக்காது, பறைக்காரன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"டேய் மச்சி, தறி ஓடிக்கினு இருக்குதுடா!"

பாடகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தறி ஓடியது எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில். கல்யாணப் புடவை, இரண்டு நாளில் கொடுத்தாக வேண்டுமாம். அமாவாசையில் நெய்கிறோமே என்று வெட்கப்பட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெய்திருக்கிறார்கள், தம்பி பிற்பாடு விசாரித்துச் சொன்னான். ஊடு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா தறியின் பெட்டியில் மோதுகிற சத்தம் மட்டும் எப்படியோ புகுந்து வந்து எங்கள் மைக்கில் உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் அன்றைக்கு மூன்று பேருக்குமே அது சத்தமாகவே படவில்லை. அமாவாசை, தறி ஓடாது என்று மூளை முடிவு கட்டிவிட்டது, அப்புறம் காது எதைக் கேட்கும்? சென்னைக்காரர் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நம்ம மூன்று பேரில் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை நீதான், உனக்கே தெரியவில்லையே என்று என்னை ஓட்டினார்கள்.

நானும் சிரித்தேன். அவர்களுக்கு ஒரு தடவை சொன்னவுடன் கேட்டுவிட்டது. எனக்கு அப்போதும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பறைக்காரன் அந்த டக் டக்கோடு சேர்ந்து மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் விரலைப் பார்த்துக்கொண்டே நானும் தலையைத் தலையை ஆட்டினேன், எனக்கும் கேட்கிற மாதிரி. திரும்பப் பாடி எடுக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. தாளம் தவறாமல் விழுகிறது, நம்ம ஊர்ச் சத்தம்தானே, இருக்கட்டும் என்றான் அவன். பாடகி என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுண்ணா. கேக்க நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. விட்டுடலாம்."

என் காதில் விழாத ஒரு சத்தத்துக்கு நான் நற்சான்றிதழ் கொடுத்தேன். அவள் ஒரு கணம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தாள் என்று பட்டது. நாள் முழுக்கக் காது கேளாத பிள்ளைகளோடு இருக்கிறவள். கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டுகிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அவளைக் கண்டால் எனக்கு நடுக்கம். அவள் பேசும்போது உதட்டைப் பார்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே தெருவைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் பாதி வார்த்தை போய்விடும். போன் செய்தால் எடுக்காமல் மெசேஜ் போடுவேன், வேலையாக இருக்கிறேன் என்று.

ஒரு மாதம் கழித்து மாதிரித் தட்டு வந்தது. தட்டு அடிக்கிற கம்பெனி முதலில் இரண்டே இரண்டு அடித்து அனுப்புவார்கள், நாம் கேட்டுச் சரி என்றால்தான் மீதியை அடிப்பார்கள், அடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இன்ஜினியர் பெரிய லிஸ்டே அனுப்பியிருந்தார். ஊசி எங்கேயாவது குதிக்கிறதா, பின்னால் இரைச்சல் இருக்கிறதா, முக்கியமாகக் குரலில் 'ச', 'ஸ' வருகிற இடங்களில் புஸ் புஸ் என்று சீறுகிறதா, கவனமாகக் கேட்கச் சொல்லியிருந்தார். வழக்கம்போல அது என் தலையில் விழுந்தது. நீ கேட்டுவிட்டால் போதும் என்றான் பறைக்காரன். பாடகி ஒரு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

தட்டு போடுகிற பெட்டி ஊரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் இருந்தது. கல்யாணத்துக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்துப் பெட்டி, ஊசி மட்டும் புதிது. கடைக்காரர் தட்டைத் துடைத்துப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார். ஊசி குதிக்கவில்லை, அது கண்ணால் பார்க்கிற விஷயம். மற்றது? கிடாரின் தடித்த தந்திகள் நன்றாகக் கேட்டன. பறை நெஞ்சில் இடித்தது. அவள் குரல் வந்தது, ஆனால் வார்த்தைகளின் ஓரங்கள் எனக்கு எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தன. பாட்டு வரிகள் மனப்பாடம் என்பதால் 'ச' வருகிற இடத்தில் நானே மனதுக்குள் ஒரு 'ச' போட்டுக்கொண்டு கேட்டேன். சீறுகிறதா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் திரும்பி வந்ததும் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்கலாமா என்று ஒரு யோசனை. பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போவார், அவரும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே காலம் தள்ளியவர்தானே. ரோட்டுக்கு வந்து நின்றேன். சொல்லிவிடு, இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடு என்று ஒரு மனசு. சொன்னால் இதுதான் உனக்குக் கடைசித் தட்டு என்று இன்னொரு மனசு. ஓரிக்கை போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு என்னை உரசாத குறையாகப் போனது. ஹாரன் அடித்ததே கண்டக்டர் தலையை நீட்டித் திட்டிய பிறகுதான் தெரிந்தது. போனை எடுத்து, "எல்லாம் ஓகே" என்று க்ரூப்பில் போட்டேன்.

 ஒரு மாதத்தில் வரவேண்டிய தட்டு வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. என்ன ஆயிற்று என்று கேட்டால் கம்பெனியில் ஏதோ வேலை தள்ளிப்போயிற்றாம் என்று பாடகி மொட்டையாகப் பதில் போட்டாள். தவறு கண்டுபிடித்துவிட்டார்களோ, ஓகே சொன்ன முட்டாள் யார் என்று கேட்பார்களோ என்று தினமும் செத்துப் பிழைத்தேன். புடவைப் பார்டரில் அன்னத்துக்கு அலகு வைக்க மறந்து அட்டை அடித்துக் கொடுத்து, நெய்கிறவரிடம் செம்மையாக வாங்கிக்கட்டிக்கொண்டதும் அந்த நாட்களில்தான்.

கடைசியில் பெட்டிகள் வந்தன. வெளியீட்டு விழாவைப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். சென்னையிலிருந்து பாட்டுப் பைத்தியங்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள், பறை விழும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் தட்டைக் கேட்கவில்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ச' வருகிற இடத்தில் யார் முகமாவது சுளிக்கிறதா? சென்னை இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது பாட்டு தொடங்கியதும், தறிச் சத்தம் கேட்டுத்தான் போல, புன்னகை செய்தார். பாட்டு முடிந்து கை தட்டினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தப்பித்தேன் என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், மூன்று மாதத்து மூச்சு.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் பாடகி வந்து என் கையைப் பிடித்தாள். விழாவையொட்டி வந்தவர்களுக்கெல்லாம் காது டெஸ்ட் இலவசம், எல்லாரும் போய் வருகிறார்கள், நீயும் போ என்றாள். வேண்டாம் என்றேன். பறைக்காரன் போய்வந்துவிட்டான், அவன் காது பாம்புக் காதாம் என்றாள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று போனேன்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. டெஸ்ட் செய்கிற பெண் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனில் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று தடித்த சத்தங்கள் கேட்டன, தூக்கினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. கண்ணாடி வழியாக அவள் தோள் தெரிந்தது. பட்டனை அமுக்கும்போது தோள் லேசாக அசைந்தது. எனக்கு அது போதும். தோள் அசைந்தால் கையைத் தூக்கினேன். அசைந்தது, தூக்கினேன். அசைந்தது, தூக்கினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தவன் மாதிரி கம்பீரமாக வேறு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள். என் பெண்ணைவிடப் பத்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

"சார், கடைசி நாலு தடவை நான் பட்டனை அமுக்கவே இல்ல. சும்மா தோளை ஆட்டினேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். "இங்க எல்லாப் பசங்களும் இதான் செய்வாங்க."

அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன். வாசலில் பாடகி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. மெதுவாக, என் முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி பேசினாள். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி.

"நீ ஓகே போட்ட மறுநாளே நானும் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன்ணா. 'ச' வர்ற எடமெல்லாம் சீறிக்கினு இருந்துச்சு. திரும்ப வெட்டி வேற தட்டு அடிக்கச் சொன்னேன். அதான் லேட்டு."

வெளியே சுற்றிக்கொண்டிருந்த தட்டு நான் சரி என்று சொன்ன தட்டு இல்லை. ஆத்திரம்தான் முதலில் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு இரண்டு மாதம் என்னை வேடிக்கை பார்த்தாயா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். எனக்கே என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியவில்லை, அந்த டெஸ்ட் பெண் ஒரு அடி பின்னால் போனாள்.

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் பாடகி. அவள் கண் கலங்கியிருந்தது.

  நான் டெஸ்ட் பெண்ணிடம் திரும்பி, இன்னொரு தடவை போடம்மா என்றேன். நாற்காலியை நானே தூக்கிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். தடித்த சத்தங்கள் வந்தன, கையைத் தூக்கினேன். அப்புறம் காத்திருந்தேன். பின்னால் அவள் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள். என் கை ரொம்ப நேரம் மடியிலேயே கிடந்தது.